கொட்டானின் விலைச்சீட்டில் என்ன எழுதுவது?

காரைக்குடியில் மாதம் ஒருமுறை கைவினைச் சந்தை தொடங்க நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருப்பதாகவும், அது அரசியல் மனச்சாட்சியோடு நடக்க வேண்டும் என்று விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஓர் ஐயத்தையும் கேட்டிருக்கிறீர்கள்: வசதியுள்ளவர்கள் வந்து ஒரு கண்டாங்கிச் சேலையும் இரண்டு கொட்டானும் (பனையோலைக் கூடை) வாங்கிப் போவதில் அரசியல் எங்கே இருக்கிறது? தம்பி, அந்த ஐயத்தைக் கடைசிவரை விட்டுவிடாதீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அதன்பிறகு ஓலை முடையும் பெண்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, சந்தை வாசலில் கட்டும் பதாகையில் அரசியல் மிகக் குறைவு. விலைச்சீட்டில் என்ன எழுதுகிறீர்கள், செய்தவர் எங்கே உட்காருகிறார், கணக்கு நோட்டை யார் புரட்டிப் பார்க்கலாம் என்ற மூன்றில்தான் அது முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீடுகளின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. பர்மாத் தேக்குத் தூண், முட்டையும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், உள்ளே நுழைந்ததும் கால் குளிரும் தரை. ஆனால் அந்தத் தேக்கு வந்த ஊரின் கதையையும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. ஊருணி வெட்டியதும் பள்ளிக்கூடம் கட்டியதும் கோயில்களைத் திருப்பணி செய்ததும் அதே பணம்தான். கைவினையின் பெருமையைப் பேசும்போது பணம் வந்த வழியையும், அந்தச் சுவரைப் பளிங்காகத் தேய்த்த கொத்தனாரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன்.

1927-இல் காந்தி கதர் நிதிக்காகச் செட்டிநாட்டுக்கு வந்தார். வீடுகளில் அடைந்து கிடந்த அயல்நாட்டு மரச்சாமான்களைப் பார்த்துவிட்டு, மூச்சுவிட இடமில்லை என்று அந்த மக்களின் முன்னாலேயே சொன்னார். அதே பயணத்தில் சிராவயலுக்குப் போய், பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவானந்தத்தைச் சந்தித்தார். சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதை ஏற்காமல் வெளியேறிய இளைஞர் ஜீவா. சிராவயலில் அவர் நடத்திய ஆசிரமத்தில் நூற்பும் இருந்தது, சாதி மறுப்பும் இருந்தது. வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தியோடு வாதாடவும் அவர் தயங்கவில்லை. காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ராட்டையையும் சாதிக் கேள்வியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் சந்தைக்கு முன்னோடி தேட வெளிநாடு போக வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப்போவது கசப்பானது. ஆனாலும் கைவினைச் சந்தை நடத்துகிறவர் தெரிந்திருக்க வேண்டியது. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணிந்து மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச் சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாண்டத்தைத் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதை எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்.

மண்பாண்டம் என்ற வரியில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் சந்தையில் வேளார் ஒருவர் மண்சட்டி விற்பார். பக்கத்தில் யாராவது ஒருவர், பாட்டன் காலத்துக்குத் திரும்புவோம் என்று அட்டையில் எழுதி வைப்பார். பாட்டன் காலத்தில் மண்சட்டி சிலருக்குச் சுவை, சிலருக்குச் சட்டம். பித்தளைக் குடம் வாங்கியதற்காக வீடு எரிந்த குடும்பத்தின் பேத்தி அந்த அட்டையை எப்படிப் படிப்பாள்? கண்டாங்கியை இரவிக்கை இல்லாமல் உடுத்திப் படம் எடுத்து, பாரம்பரியம் என்று பெயர் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதுவே தோன்றுகிறது. இரவிக்கை போடும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த பெண்கள் வாழ்ந்த மண் இது. மண்சட்டியையும் கண்டாங்கியையும் விற்கவே விற்கலாம், விற்க வேண்டும். பழமை என்பதால் நல்லது என்ற ஒரு வாதத்தை மட்டும் உங்கள் சந்தையில் யாரும் பயன்படுத்த வேண்டாம். செய்தவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறது, குளத்து மண்ணும் பனையும் பிழைக்கின்றன என்று சொல்லி விற்கலாம். அந்த வாதம் யாரையும் காயப்படுத்தாது.

இடத்துக்குத் திரும்புகிறேன். நாங்கள் முதன்முதலில் சந்தை நடத்தியது இப்படிப்பட்ட ஒரு பெரிய வீட்டில்தான். வளவைச் சுற்றி மேசை போட்டோம், வாழைமரம் கட்டினோம். காலை ஒன்பது மணிக்குக் கொட்டான் கட்டோடு ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். திண்ணையோரம் கட்டை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே மேசை போட்டிருக்கிறோம், வாருங்கள் அக்கா என்று மூன்று முறை கூப்பிட்டேன். சிரித்தாரே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசியில், “இந்த வீட்டில் என் அம்மா நெல் குத்தினார், பின்கட்டு வழியாகத்தான் வருவார், போவார். நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார். அன்று முழுவதும் அவர் வெளியே வெயிலில் இருந்தார். வாங்க வந்தவர்கள் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். மாலையில் கணக்குப் பார்த்தபோது மிகக் குறைவாக விற்றவர் அவர்தான். வீட்டுக்காரர்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த நாங்கள்தான் தடுத்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறினோம். அழகு குறைந்தது, தகரப் பந்தல் போட வேண்டியிருந்தது. அந்த அம்மா நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஆகவே என் பதில்: வளவு வேண்டாம். எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையக்கூடிய பொது இடமாகப் பாருங்கள்.

இனி விலைச்சீட்டு. ஒரு கொட்டானைக் கையில் எடுத்துக்கொள்வோம். முன்பு ஆச்சிமார்கள் பகல் வேளையில் வளவில் உட்கார்ந்து முடைந்தார்கள், பாசிமணியும் பின்னல் ஓரமும் வைத்து அழகுபடுத்தினார்கள். கல்யாணச் சீருக்கும் விசேஷத்துக்கும் அதுவே பாத்திரம். இந்தக் கலை மறையப்போன நிலையில், 2000-க்குப் பிறகு அறக்கட்டளை முயற்சியால் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று மீட்டெடுத்தார்கள். இன்று முடைகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. பனையேறி குருத்தை வெட்டி இறக்குகிறார். அதை வெயிலில் காயவைத்து, நாராகக் கிழித்து, ஒரே அகலத்துக்குச் சீவி, சாயத்தண்ணீரில் கொதிக்கவிட்டு மறுபடி நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்த ஓலை முறியும் என்பதால் ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருவி முடைகிறார்கள். அடி முடைவது எளிது. மூலை திருப்பும் இடத்தில்தான் விரல் நோகும். அங்கே பிடி தளர்ந்தால் கொட்டான் ஒரு பக்கம் சாயும். பல ஆண்டுகள் முடைந்தவரின் ஆள்காட்டி விரல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், தோல் செருப்பு வார் போல இறுகியிருக்கும்.

ஒரு நடுத்தரக் கொட்டானுக்கு எல்லா வேலையும் சேர்த்து இரண்டு நாள் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். கைத்திறன் தேவைப்படாத மண்வேலைக்கு அரசே வைத்த கூலி அது. அந்த அளவில் பார்த்தாலும் கொட்டானில் கூலி மட்டும் 672 ரூபாய் இருக்க வேண்டும். அதன்மேல் ஓலை, சாயம், பனையேறியின் பங்கு, வண்டிக் கூலி. இப்போது சந்தையில் 350 ரூபாய்க்கு ஒரு கொட்டான் இருந்தால், மீதியை யார் கட்டுகிறார் என்று கேளுங்கள். முடைந்தவர்தான் கட்டுகிறார், தன் இரண்டு நாளால். விலைச்சீட்டில் இதை அப்படியே எழுதுங்கள்: எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு, சந்தைச் செலவுக்கு எவ்வளவு. கோ-ஆப்டெக்ஸ் ஒரு காலத்தில் சேலையோடு நெசவாளரின் பெயரையும் படத்தையும் வைத்தது. நல்ல காரியம். நீங்கள் பெயரோடு நிறுத்தாமல் கூலியையும் வையுங்கள். முதல் மாதம் சிலர் முகம் சுளிப்பார்கள். பேரம் பேசுகிறவரின் குரல் மட்டும் அந்தச் சீட்டைப் படித்த பிறகு தானாக இறங்கிவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் இதே கணக்குப் போட வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, சிறு கரண்டியால் வண்ணக் கலவையை அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் நிறங்கள் கலந்துவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக்கலவை போட்டு மட்டம் தட்டிக் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுகிறார்கள். சூளையும் இல்லை, மெருகும் இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. நாள் முழுவதும் ஈரச் சிமெண்டில் புழங்கும் கையில் தோல் வெடித்து உரிந்திருக்கும். அந்தக் கைக்கு மருந்துச் செலவு எந்த விலையிலும் இன்னும் ஏறவில்லை. கல் கனமான பொருள், சந்தையில் பெரிதாக விற்காது. ஒருவரை வரவழைத்து, கூலி கொடுத்து, எல்லோர் முன்னாலும் ஊற்றச் சொல்லுங்கள். அன்றைக்குக் கூலி கட்டாயம் கொடுங்கள். செய்துகாட்டல் என்ற பெயரில் ஒரு நாள் உழைப்பை இலவசமாக வாங்குவது நம்மூர் விழாக்களில் பெரிய வியாதி.

புவிசார் குறியீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொட்டானுக்கு உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றும், கூலியைக் காப்பாற்றாது. வேறு ஊரில் விசைத்தறியில் ஓட்டியதைக் கண்டாங்கி என்று விற்றால் வழக்குப் போட வழி இருக்கிறது. வழக்குப் போட நெசவாளரிடம் பணமும் நாளும் இருக்க வேண்டுமே. உங்கள் குழுவில் வக்கீல் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தனித்தனி நெசவாளர்களை அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவுசெய்ய உதவுவது அவருக்கு நான் தரும் முதல் வேலை.

தறியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1995-96 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 65 லட்சத்துக்கு மேல். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்ததாக அந்தக் கடைசிக் கணக்கெடுப்பு சொல்கிறது. சங்கத்தில் நான் கூலி எழுதிய நாட்களில் ஒரு சேலைக்கு ஒரு பெயர்தான் நோட்டில் ஏறும். வீட்டில் பார்த்தால் அப்பத்தா குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுவார், மனைவி நெடுக்கு நூலான பாவு பிணைக்கக் கைகொடுப்பார், பிள்ளை பள்ளிவிட்டு வந்து நூல்கழியான சிட்டம் பிரிப்பான். நான்கு பேர் வேலை, ஒரு பெயர், ஒரு கூலி. அப்படித்தான் வழக்கம் என்று நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். இன்று நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. உங்கள் சீட்டில் தார் சுற்றியவரின் பெயரும் இருக்கட்டும்.

இந்த எண்ணிக்கை தானாகச் சரிந்ததல்ல. 1985-இல் கைத்தறிக்கென்று 22 இரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது, பிற்பாடு அது 11 ஆகச் சுருங்கியது. நூற்பாலைகள் தங்கள் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகத் தர வேண்டும் என்ற விதி கைத்தறிக்கு உயிர்நாடி. அந்தப் பங்கு 50 சதவீதத்திலிருந்து 40 ஆகி, 2019-இல் 30 ஆனது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பருத்தி நூலுக்கும் துணிக்கும் 5 சதவீத வரி வந்து சேர்ந்தது. கைப்பொருளுக்கு வரியே கூடாது என்று கர்நாடகத்து நாடகக் கலைஞர் பிரசன்னா அந்த ஆண்டு உண்ணாவிரதம் இருந்தார். அங்குள்ள ஹெக்கோடு கிராமத்தில் பெண்களின் கைத்தறிக் கூட்டுறவை வளர்த்தவர் அவர். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது, சில நாட்களில் கைவினை வாரியமும் போனது. நெசவாளர் தங்கள் குறையைச் சொல்ல இருந்த ஒரு நாற்காலியும் இல்லாமல் போயிற்று. துணி வரியை 12 சதவீதமாக உயர்த்தும் முடிவு 2022 ஜனவரியில் நடப்புக்கு வர இருந்தது. பல மாநிலங்களும் தொழில்காரர்களும் எதிர்த்ததால் முந்தைய நாள், டிசம்பர் 31 அன்று, தள்ளிவைத்தார்கள். எதிர்த்தால் நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆகவே சந்தையில் ஒரு மேசையை விற்பனைக்கு விடாமல் வையுங்கள். அங்கே சிட்ட நூல் விலை, சங்கம் வைத்திருக்கும் கூலிப் பாக்கி, குளத்து மண் அனுமதி போன்ற விஷயங்களுக்கு மனு எழுதட்டும். மண் எடுக்க வேளார்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு எளிதாக்கியது. அந்த அனுமதி நடைமுறையில் கைக்கு வருகிறதா என்று மாதாமாதம் கேட்டு எழுதிவைப்பதும் அரசியல்தான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. வீட்டுமனை போடுகிற இடங்களில் அது மதிக்கப்படுகிறதா என்று ஓலை முடைகிற பெண்களைவிட யார் நன்றாகச் சொல்லப்போகிறார்கள்? வாங்க வருகிறவர் சேலையோடு அந்த மனுவிலும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.

பணத்தில் கண்டிப்பாக இருங்கள். விற்ற பிறகு தருகிறோம் என்று பொருளை வாங்கி வைக்காதீர்கள். ஒரு கண்காட்சிக்காரரிடம் அப்படிக் கொடுத்துவிட்டு எங்கள் பெண்கள் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். திரும்பி வந்த கொட்டான்களில் பாதி பூஞ்சை பிடித்திருந்தது. அன்றன்றைக்கு விற்றதற்கு அன்று மாலையே காசு. விற்காமல் மிஞ்சியதில் ஒரு பங்கையாவது சந்தைக் குழு விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு சிறு நிதி வையுங்கள். மேசை வாடகையை விற்பனையில் பங்காக வாங்குங்கள், முன்பணமாக வேண்டாம். குழுவில் பாதிக்கு மேல் செய்கிறவர்களே இருக்கட்டும். படித்தவர்கள் நாம் பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும், அவர்கள் பேசினால் நேரமாகும். நேரமானால் ஆகட்டும்.

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தணிக்கையாளராக இருந்து கிராமத் தொழிலுக்கு வந்தவர், கடைசிக் காலத்தை நம் மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் கழித்தவர். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு அது உண்டான விதத்திலும் பொறுப்பு உண்டு என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். கணக்குப்பிள்ளையாக இருந்ததால் எனக்கு அவரைப் பிடிக்கும். அறத்தை அவர் பேரேட்டில் தேடினார். சந்தை முடிந்ததும் வரவு செலவை ஒரு சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பந்தல் காலில் ஒட்டுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன்னால் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், கண்டனூர் பக்கத்துப் பெண்களை ஒருமுறை கூட்டி உட்காரவையுங்கள். முடிந்தால் நானும் வருகிறேன். விலை, மேசை, பதாகை எல்லாம் பேச நீங்கள் தயாராகப் போவீர்கள். அவர்கள் முதலில் கேட்பது கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற இரண்டையும்தான். எங்கள் முதல் சந்தையை இரவு எட்டு மணிவரை அறிவித்துவிட்டு, ஆறு மணிக்கே பாதி மேசை காலியானதைப் பார்த்து நாங்கள் முழித்தோம். பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு அரைமணி முன்னதாகச் சந்தை முடிகிற மாதிரி நோட்டீஸ் அடியுங்கள்.